காந்த மோட்டாரை ஒளிக்கிறார்கள், லேடிலைக் காட்டிவிடுகிறார்கள்

கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பங்கள் தாக்கல் செய்யும் பேட்டன்ட் ஏஜென்ட் நான். இரண்டு வகை ஆட்கள் அடிக்கடி வருவார்கள். ஒருவர், கரன்ட்டே இல்லாமல் வெறும் காந்தத்தால் ஓடும் மோட்டார் செய்ததாகச் சொல்பவர். வரைபடத்தை என்னிடம் காட்டவே யோசிப்பார். இன்னொருவர் அம்பத்தூர் பக்கம் ஃபவுண்டரி, அதாவது உலோக வார்ப்புப் பட்டறை, நடத்துபவர். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றும் பாத்திரமான லேடிலில் ஏதோ மாற்றம் செய்து, வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு அப்புறம்தான் வருவார்.

ஒளிக்க வேண்டியது இவர்தான்.

காந்தம் இன்னொரு காந்தத்தை நெருங்கும்போது கிடைக்கும் ஆற்றல், விலகும்போது அப்படியே செலவாகிவிடும். முழுச் சுற்றுக்கு மிச்சம் பூஜ்யம். பேரிங் உராய்வு வேறு. காந்தங்களைச் சாய்த்து வைத்தாலும் கணக்கு மாறாது. குறைந்த கரன்ட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேனிலும் நிரந்தரக் காந்தம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதைச் சுற்ற வைப்பது கரன்ட். இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதற்குக் காப்புரிமை கிடையாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் ஹோவர்ட் ஜான்சன் என்பவரின் காந்த மோட்டாருக்கு 1979இல் கொடுத்தார்களே என்றால், கொடுத்தார்கள்தான். பேட்டன்ட் கிடைத்தது என்பதும் மோட்டார் ஓடியது என்பதும் ஒன்றல்ல.

லேடில் கதையே வேறு. உருகிய வார்ப்பிரும்பை ஏறக்குறைய 1,300 டிகிரிக்கு மேல்தான் ஊற்றுவார்கள். மேலே மிதக்கும் கசடு அச்சுக்குள் போனால் வார்ப்பு வீண். லேடிலில் ஈரம் இருந்தாலோ நீர் சட்டென்று நீராவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து உலோகத்தையே வாரி இறைக்கும். அதனால் மூக்கின் கோணம், சாய்க்கும் வேகம், காயவைக்கும் முறை என்று ஒவ்வொன்றிலும் புதுமைக்கு இடமிருக்கிறது. 1838இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், பல பேர் நெம்புகோல் பிடித்துச் சாய்த்த பெரிய லேடிலில் திருகாணியும் பற்சக்கரமும் பொருத்தி, ஒரே ஆள் நிதானமாகச் சாய்க்கும்படி செய்தார். அவர் வேண்டுமென்றே காப்புரிமை வாங்கவில்லை. பெரிய மனது. நம் பட்டறைக்காரர்கள் அப்படி முடிவெடுத்தா வீடியோ போடுகிறார்கள்?

அரசு அறிவிக்கும் கண்காட்சி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, விண்ணப்பிக்கும் முன் ஊருக்குக் காட்டியது புதுமை ஆகாது. எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. புரொவிஷனல் என்ற தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுக்கலாம். அதுவரை வாடிக்கையாளரிடம் பேச வேண்டியிருந்தால், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பேசுங்கள்.

காந்த மோட்டாருக்கு முதலீடு கேட்டு யாராவது பேட்டன்ட் எண் என்று ஒரு எண்ணைக் காட்டினால், காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது விண்ணப்ப எண்ணாகத்தான் இருக்கும். பணம் கட்டினால் அந்த எண் யாருக்கும் கிடைக்கும்.