எரிகுழிப் புகையும் நுரையீரலும்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கான உதவித்தொகை

இராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் அமெரிக்க ராணுவம் குப்பையைப் பெரிய குழிகளில் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றிக் கொளுத்தியது. பிளாஸ்டிக், பெயின்ட், மருத்துவக் கழிவு எல்லாமே அதில்தான் எரிந்தன. ஊர் திரும்பியபின் மூச்சு வாங்கினால், அதற்குக் காரணம் அந்தப் புகைதான் என்று வீரரே நிரூபிக்க வேண்டியிருந்தது. யாரால் முடியும்?

2022 ஆகஸ்ட் 10-ல் அதிபர் பைடன் கையெழுத்திட்ட பேக்ட் சட்டம் அந்தச் சுமையை இறக்கியது. 1990 ஆகஸ்ட் 2 முதல் இராக், குவைத், சவூதி போன்ற இடங்களிலோ, 2001 செப்டம்பர் 11 முதல் ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களிலோ பணியாற்றியிருந்தால், சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் தழும்பு நோய், உறுப்புகளில் அழற்சியால் சிறு கட்டிகள் உண்டாகும் சார்காய்டோசிஸ் முதலியவை பணியால் வந்தவை என்றே படைவீரர் நலத்துறை எடுத்துக்கொள்ளும். ஆஸ்துமாவும் உண்டு, ஆனால் அது பணி முடிந்தபின் கண்டறியப்பட்டதாக இருக்க வேண்டும்.

சரி, தொகை எவ்வளவு? அது நோயின் பெயரைப் பொறுத்ததல்ல, இயலாமைச் சதவீதத்தைப் பொறுத்தது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சிஓபிடி என்றால் மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் முடிந்தவரை பலமாக, வேகமாக ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்று, எதிர்பார்க்கும் அளவில் 71–80 சதவீதம் இருந்தால் 10 சதவீத இயலாமை. 56–70 என்றால் 30. 40–55 என்றால் 60. 40-க்குக் கீழே போனால் 100. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்தபின் வரும் எண்ணைத்தான் பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். ஆஸ்துமாவுக்கு இன்னொரு வழியும் உண்டு: தினமும் இன்ஹேலர் தேவைப்பட்டாலே 30 சதவீதம். அதனால் மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆஸ்துமாவோடு தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிச் சதவீதம் கிடையாது. எது அதிகம் வாட்டுகிறதோ அதை வைத்து ஒரே மதிப்பீடுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் விதி அப்படி.

புகைபிடித்ததை மட்டுமே காரணமாகக் காட்டித் தொகை கேட்க முடியாது. அதற்காக, புகைபிடித்தவர் என்பதாலேயே பேக்ட் சட்ட உரிமை தானாகப் போய்விடாது.

ஆவணங்கள் கையில் இல்லையென்றாலும் மனுச் செய்யும் எண்ணத்தை முதலில் பதிந்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் முழு மனுவைக் கொடுத்து அது ஏற்கப்பட்டால், பதிந்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வழியுண்டு. முன்பே தள்ளுபடியானவர்கள் துணை மனு போடலாம். முதல் மனுவை நிரப்பித்தர யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்கள் அதை இலவசமாகவே செய்கின்றன.