பூச்சி மருந்து, களை மருந்து, உரம் மொத்தமா வாங்கி வைக்கிறவங்களுக்கு: சட்டம் என்ன சொல்லுது?

சம்பாவுக்கு சேர்த்து மருந்து, உரம் எல்லாம் மொத்தமா எடுத்து வச்சுக்கிட்டா லைசென்ஸ் கேப்பாங்களா, அக்ரி ஆபீஸ்ல இருந்து வந்து புடிப்பாங்களான்னு குறிஞ்சிப்பாடி, புவனகிரி பக்கம் நிறைய பேருக்கு ஒரு பயம் இருக்கு. சொந்த நிலத்துக்கு அடிக்கிறதுக்குன்னா பயமே வேணாம். 1968ல வந்த பூச்சிக்கொல்லி சட்டத்துல 38ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தான் சாகுபடி பண்ற நிலத்துக்கும், வீட்டுக்கும், வீட்டுத் தோட்டத்துக்கும் மருந்து பயன்படுத்துறவங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு அதுல தெளிவாவே போட்டிருக்கு.

ஆனா அடுத்தவங்களுக்கு வித்தா கதை வேற. "எனக்கு போக மிச்சம் நாலு பாட்டில் இருக்கு மாமா, பங்காளிக்கு காசுக்கு குடுத்துட்டேன்"னு சொல்றதும் விக்கிறதுதான். விக்கிறதுக்கும், விக்கிறதுக்காக ஸ்டாக் வைக்கிறதுக்கும், பிரிச்சு குடுக்குறதுக்கும் லைசென்ஸ் வேணும். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பிச்சு, மெம்பர்களுக்கு சீப்பா கிடைக்கட்டும்னு ஒரு வீட்டை வாடகைக்கு புடிச்சு லோடு இறக்குறவங்க இதை கண்டிப்பா தெரிஞ்சுக்கணும், நல்ல எண்ணத்துல பண்ணாலும் லைசென்ஸ் இல்லாம பண்ணா வழக்கு வரும், ஜெயில் தண்டனை வரைக்கும் சட்டத்துல இடம் இருக்கு. லைசென்ஸ் வாங்க விவசாயப் படிப்போ, கெமிஸ்ட்ரி, பாட்டனி மாதிரி டிகிரியோ, இல்லன்னா அதுக்குன்னு உள்ள ஒரு வருஷ டிப்ளமாவோ முடிச்ச ஆள் வேணும்.

நம்ம பக்கம் இன்னொரு சிக்கல், பார்டர். புதுச்சேரியோட பாகூரும் நம்ம கடலூர் தாலுகாவும் வயலும் வரப்புமா பின்னிக்கிட்டு கிடக்கு, ஆனா லைசென்ஸ் இடத்துக்கு இடம் தனி. தமிழ்நாட்டுல வாங்கின லைசென்ஸை வச்சுக்கிட்டு பாகூர்ல குடோன் போட முடியாது, அங்க புதுச்சேரி வேளாண் துறைகிட்ட தனியா வாங்கணும். ஒரே மாநிலத்துக்குள்ளயும் ரெண்டு இடத்துல வித்தா ரெண்டு லைசென்ஸ்.

இப்ப முக்கியமான விஷயம், எப்படி வைக்கணும்ங்கிறது. 1971 பூச்சிக்கொல்லி விதிகள்ல 36ஆவது விதி இதைத்தான் சொல்லுது. மருந்து பெட்டிங்களை மத்த சாமான் வைக்கிற ரூம்ல வைக்கக்கூடாது, தனி ரூம் வேணும், கொஞ்சமா இருந்தா பூட்டு சாவி போட்ட தனி பீரோ. அந்த ரூம் நல்லா கட்டினதா, ஈரம் இல்லாததா, வெளிச்சமும் காத்தும் வர்றதா, ஆவி தேங்காத அளவுக்கு எடம் உள்ளதா இருக்கணும். அவ்வளவுதான் விதி. கடைக்காரங்களுக்காக எழுதினதா இருந்தாலும் விவசாயி வீட்டுல இதை அப்படியே கடைபிடிக்கிறது ரொம்ப அவசியம்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா நம்ம வீடுங்கள்ல மருந்து பாட்டில் எங்க இருக்கு? பரண் மேல, கட்டிலுக்கு அடியில, மாட்டுக்கு வச்ச தவிட்டு மூட்டை பக்கத்துல. புள்ளைங்க கை எட்டுற எடம்.

பூட்டு ஏன்னு கேக்குறவங்களுக்கு நம்ம கடலூர் மாவட்டத்துலயே பதில் இருக்கு. சென்னையில இருக்குற சிநேகாங்கிற தற்கொலை தடுப்பு அமைப்பு காட்டுமன்னார்கோயில் பக்கம் கிராமத்துல பொதுவா ஒரு இடம் கட்டி, விவசாயிங்களுக்கு ஆளுக்கு ஒரு பூட்டுப்பெட்டி குடுத்து, மருந்தை வீட்டுல வைக்காம அங்கயே வைக்கிற மாதிரி செஞ்சு பாத்தாங்க. கோவத்துலயோ மன வேதனையிலயோ ஒரு நிமிஷத்துல எடுக்குற முடிவுக்கு, கைக்கெட்டுற தூரத்துல மருந்து இல்லாம போனாலே ஒரு உசிரு தப்பிக்க வழி இருக்குங்கிறதுதான் அதுக்குப் பின்னாடி உள்ள யோசனை. ஒவ்வொரு ஊர் கூட்டுறவு சங்கத்துலயும் இப்படி ஒரு ரூம் வரணும், கிராம சபையில எழுந்து கேக்க வேண்டிய விஷயம் இது. மனசு சரியில்லாதவங்க யாரா இருந்தாலும் 14416ங்கிற மனநல உதவி நம்பருக்கு போன் பண்ணலாம், காசு கிடையாது.

உரத்துக்கு சட்டம் வேற, 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை. கடைக்காரர் ஸ்டாக் எவ்வளவு, வெல என்னன்னு எல்லாரும் பாக்குற மாதிரி போர்டு வைக்கணும், பில்லும் குடுக்கணும். வீட்டுல வைக்கும்போது மூட்டையை தரையில போடாதீங்க, செவுத்துல சாய்க்காதீங்க, அடியில கட்டை போட்டு அடுக்குங்க, யூரியா காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து கட்டி கட்டியா ஆகிடும். யூரியா கரைஞ்ச தண்ணிய மாடு குடிச்சா செத்துப்போகும், அதனால தொட்டி பக்கத்துல வேணவே வேணாம். களை மருந்தை உரத்தோடயும் விதையோடயும் ஒரே ரூம்ல வைக்காதீங்க, முக்கியமா 2,4-டி ஈஸ்டர், அதோட ஆவி பட்டாலே விதை கெட்டுப்போகும், அப்புறம் விதை சரியில்லன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போடுறதுல அர்த்தமே இல்ல. சொட்டு நீர்ல விடுற 13-0-45 பொட்டாசியம் நைட்ரேட், அதை கந்தகப் பவுடர் பக்கமும் டீசல் கேன் பக்கமும் கொண்டு போகாதீங்க, தீப்புடிச்சா அணைக்க முடியாது.

வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, ரெண்டு நாள்ல தென்பெண்ணை கரைய தாண்டி வந்ததை நாம யாரும் மறக்கல. ஐப்பசி பொறக்குறதுக்குள்ள மருந்தெல்லாம் மேல் தட்டுக்கு போயிடணும், அங்கயும் தண்ணி மருந்து கீழ் அடுக்கு, பவுடர் மேல் அடுக்கு, அப்பதான் ஒழுகினாலும் பவுடர்ல எறங்காது. நெல் குடோன்ல புகை போடுற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வீட்டுல இருக்கவே கூடாது, அது அரசு நிறுவனங்களும் அனுமதி உள்ள பெஸ்ட் கண்ட்ரோல்காரங்களும் மட்டும் கையாளுற சாமான், ஈரம் பட்டாலே பாஸ்பீன்னு உசிரெடுக்குற விஷவாயு வரும். நனைஞ்சு தரம் கெட்ட உரத்தை கடைக்காரர் நல்ல மூட்டையோட சேர்த்து விக்க முடியாது, மூட்டை மேல சிவப்புல 'தரமற்றது'ன்னு எழுதி பெருக்கல் குறி போட்டு தனியா வைக்கணும்னு ஆணையில இருக்கு. வெள்ளம் வடிஞ்சதும் திடீர்னு வெல கம்மியா உரம் வந்தா அந்த குறி இருக்கான்னு பாருங்க.

தேதி முடிஞ்ச மருந்தையும் கடைக்காரர் அப்படித்தான் உடனே பிரிச்சு, விற்பனைக்கு இல்லன்னு முத்திரை குத்தி, தனி எடத்துல போர்டு மாட்டி வைக்கணும். "நேத்துதான் முடிஞ்சுது, வேலை செய்யும் எடுத்துட்டு போங்க"ன்னு குடுத்தா வாங்காதீங்க.

காலி டப்பா. 2013ல பீகார் சாப்ரா பக்கம் ஸ்கூல்ல மதிய சாப்பாடு சாப்பிட்ட 23 புள்ளைங்க செத்துப்போனாங்க, சமையல் எண்ணெய்ல மோனோகுரோட்டோபாஸ்ங்கிற பூச்சி மருந்து கலந்திருந்தது. இதை தெரிஞ்சும் மருந்து கேன்ல மண்ணெண்ணெய், எண்ணெய், தண்ணி புடிச்சு வைக்கிறாங்க, எவ்வளவு கழுவினாலும் அது சமையலுக்கு ஆகாது. டப்பாவை வெளிய போட்டு வைக்காம ஒடச்சு, குடியிருப்புக்கு தள்ளி பொதைக்கணும்னு அதே 1971 பூச்சிக்கொல்லி விதிகள்ல 44ஆவது விதி சொல்லுது. அதுக்கு முன்னாடி மூணு தடவை அலசி அந்தத் தண்ணிய ஸ்ப்ரேயர்லயே ஊத்திடுங்க, வாய்க்கால்ல ஊத்தாதீங்க. பொதைக்கிற எடமும் கெணறு, போர் பக்கம் இருக்கக்கூடாது.

மருந்தை வேற பாட்டிலுக்கு மாத்தவே மாத்தாதீங்க. லேபிள்ல முக்கோணம் இருக்கும், சிவப்புன்னா ரொம்ப கொடிய விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சைன்னு வீரியம் கொறையும், ஆனா பச்சையும் விஷந்தான். விஷத்தை முறிக்கிற மாத்து மருந்து என்னன்னும் அதுலதான் எழுதியிருக்கும். யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா உப்பு தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காம 108ஐ கூப்பிட்டு, கடலூர் ஜி.ஹெச்சோ புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியோ எது கிட்டயோ அங்க போங்க, லேபிளோட அந்த பாட்டிலை ஒரு கவர்ல போட்டு கையோட எடுத்துட்டு போங்க.