குழம்பிய குட்டையில் மீன் ஏன் மாட்டுகிறது?

குழம்பிய குட்டையில் மீன் பிடிக்கிறார் என்று அரசியல்வாதியைத்தான் திட்டுவோம். செட்டிநாட்டுப் பக்கம் கோடையில் அதை ஊரே சேர்ந்து, சாமி கும்பிட்டுவிட்டுச் செய்கிறது. சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரத்தில் நீர் வற்றிய கண்மாயில் மீன்பிடித் திருவிழா என்றால் விடியுமுன்பே கரை நிறைந்துவிடும். பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, பரி போன்ற மீன்பிடிக் கருவிகள், பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு அத்தனை பேரும் இறங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும்.

கண் தெரியாமல்தான் மீன் மாட்டுகிறது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதி, மூச்சு.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் நிறைவாகக் கரைந்தாலும் ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவும் மீனோடு போட்டி போட்டு மூச்சு விடும். ஆகவே கண்மாயில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும் நேரம் விடியற்காலை. நாம் வெயிலுக்குப் பயந்து வைத்த நேரம் மீனுக்குக் கெட்ட நேரமாக அமைந்துவிட்டது.

அதற்கு மேல் சேற்றைக் கிளறுகிறோம். அடியில் காற்றில்லாமல் மக்கிய இலையும் சாணமும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவைச் சேர்த்து வைத்திருக்கும். காலை வைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதுதான். மேலே கிளம்பும் சேறு, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். களிமண் செவுளில் அப்பும். கெண்டையும் கட்லாவும் வேறு வழியில்லாமல் மேலே வந்து, காற்றை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தை வாயால் உறிஞ்சும். அந்த நேரம் கூடையால்கூட அள்ளலாம்.

விராலிடம் இந்தக் கதை செல்லாது. அதன் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக, ரத்தம் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. வாயால் காற்றை விழுங்கி அதில் நிரப்பிக்கொள்ளும். தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் மேலே வர விடாமல் தடுத்தால், மீனாகப் பிறந்தும் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

இதைப் புத்தகம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார் எங்கள் பெரியப்பா. நான் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினால், "ஓடாதப்பா, நில்லு. மூச்சுக்கு அது மேல வந்துதானே ஆகணும்" என்பார். குமிழி வெடித்த இடத்தில் ஒரே அமுக்கு. ஊத்தா மேலே குறுகி, கீழே அகன்று, இரு பக்கமும் திறந்த மூங்கில் கூடு. விளிம்பு சேற்றில் புதைந்ததும் உள்ளே சிக்கியது பக்கவாட்டில் மோதும். அந்த அதிர்வு உள்ளங்கைக்குத் தெரியும். பிறகு மேல்வாயில் கையை விட்டுத் துழாவ வேண்டும். தேளி மாட்டியிருந்தால் முள் குத்திக் கை கடுத்துவிடும், அது தனிக் கதை.

கரையில் மூன்று கல் கூட்டி, சுள்ளி வைத்துக் குழம்பு கொதிக்கும்போது பார்த்தால் கட்லா எப்போதோ விறைத்திருக்கும். ஈரச் சாக்கில் போட்ட விரால் மட்டும் அப்போதும் துள்ளும். தோல் மேலுள்ள வழவழப்பு உடம்பைக் காயவிடாது, மூச்சுக்குக் காற்று போதும். அந்த வழவழப்பைப் போக்க அடுப்புச் சாம்பலைத் தேய்ப்பார்கள். இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு, கல்லுப்புதான்.