எது நிஜமான சாதி என்று என்னைக் கேட்காதீர்கள்

இந்த மாதத்தில் இது நாலாவது. ஒரு அப்பா மஞ்சப்பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து என் மேஜையில் பரப்புகிறார். தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் ஒரு சாதிப் பெயர், அவருடைய டி.சி.யில் இன்னொன்று, மகளின் சான்றிதழில் வேறொன்று. "இதில் எது சார் எங்கள் நிஜமான சாதி?" கவுன்சிலிங்குக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. அவருக்கு வேண்டியது எழுத்துப்பிழைத் திருத்தம். கேட்பதோ வம்ச வரலாறு.

சாதி ஆயிரம் வருஷமாக அசையாமல் கிடக்கிறது, சர்க்கார் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஊரில் நடக்கும் தீண்டாமை நிஜம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர், பிரிவு, எல்லை இவற்றையெல்லாம் அரசாங்கக் காகிதமும் அரசியலும் பலமுறை திருத்தியிருக்கின்றன.

மலையாளிகளைப் பாருங்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, நம் மலைகளில் வாழ்பவர்கள். பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி என்று மாவட்டங்கள் எழுதியிருக்கும். ஈரோட்டின் பர்கூர் மலை அதில் இல்லை. ஆகவே சேலத்து மலையில் இருப்பவர் பழங்குடி, பர்கூரில் இருக்கும் அவர் சம்பந்தி பழங்குடி இல்லை. இதில் ரத்தம் எங்கே வந்தது?

சீர்மரபினர், அதாவது ஒரு காலத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், அவர்கள் கதை இன்னும் கசப்பு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் மதராஸ் மாகாணத்துக்கு வந்து, பிறந்த குழந்தையைக்கூடச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 1947இல் இங்கே ஒழிந்தது. 1979இல் அவர்கள் பெயரில் இருந்த 'பழங்குடியினர்' என்பதை 'வகுப்பினர்' என்று மாற்றினார்கள். 2019இல் மாநிலத்துக்கு ஒரு பெயர், ஒன்றிய அரசுக்கு இன்னொரு பெயர் என்று ஆக்கினார்கள். ஆள் ஒருவர்தான்.

1901 கணக்கெடுப்பில் சாதிகளை அந்தஸ்துப்படி அடுக்கப் போனபோது, எங்களை மேலே ஏற்றுங்கள் என்று மனுக்கள் குவிந்தன. இப்போது வரும் மனுக்கள் பிற்பட்டோர் பட்டியலில் சேர்க்கச் சொல்கின்றன. நான் கேலி செய்யவில்லை. பட்டியலில் இடம் என்றால் படிப்பு, வேலை. 1987இல் வன்னியர்கள் நடத்திய சாலை மறியலுக்குப் பிறகுதானே 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக 20 சதவீதம் வந்தது?

சரி, வேலைக்கு வருவோம். சான்றிதழில் உள்ள பெயரை மாநிலப் பட்டியல், ஒன்றியப் பட்டியல் இரண்டிலும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய பி.சி. சான்றிதழோடு ஒன்றிய அரசு வேலைக்கு ஓடாதீர்கள், ஓ.பி.சி. சான்றிதழ் தனி. புரோக்கர் பக்கமே போகாதீர்கள். பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தால், இருபது வருஷ சர்வீஸ் ஆனாலும் வேலை போகும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனவர்கள், இங்கே பட்டியல் சாதி என்பதை வைத்து அந்த மாநில ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. இதை எத்தனை தடவைதான் சொல்வது!

அப்புறம் ஒரு வேண்டுகோள். 1931க்குப் பிறகு முதல்முறையாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். 'இந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் சங்கங்கள் இப்போதே ஆரம்பித்துவிட்டன. என்ன சொல்வது என்பது உங்கள் வீட்டு முடிவு, சங்கத்துடையது இல்லை. ஆனால் அங்கே சொன்னதைச் சான்றிதழ் வழக்கில் ஆதாரமாகக் காட்ட முடியாது, 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அதை நம்பி நாலாவது காகிதத்தோடு தயவுசெய்து என்னிடம் வராதீர்கள்.