பேர் நெய்த பாய் திரும்பி வந்தால்

திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் நெய்கிற கோரைப் பாயில் பொண்ணு, மாப்பிள்ளை பேரையும் கல்யாணத் தேதியையும் சேர்த்தே நெய்து தருவார்கள். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஆன்லைனில் இந்தப் பாய்களை விற்கத் தொடங்கிய ஒருவர், வருமான வரிக் கணக்குக்காக என்னிடம் வந்தார். நான் ஆடிட்டர். கணக்கு நோட்டோடு சுருட்டிய பாய் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். தை முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய பாய், நான்கு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் திரும்பி வந்துவிட்டது.

"இதை எந்தக் கணக்குல நஷ்டமா காட்டுறது சார்?"

நெய்தவருக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். "அவங்க லேட் பண்ணினதுதானே சார்..." என்று இழுத்தார்.

சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமாகக் கிளம்பினோம். தறி தரையோடு தரையாக இருந்தது. ஒருவர் குச்சி நுனியில் ஒற்றைக் கோரையை மாட்டிப் பாவுக்குள், அதாவது நீளவாக்கில் கட்டிய நூலுக்குள், நுழைக்கிறார். இன்னொருவர் கோரையை நெருக்கும் அச்சுக் கட்டையை இழுத்து அடிக்கிறார். ஒரு கோரை, ஓர் அடி. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பாய் நான்கு விரல்கூட வளரவில்லை. இதற்கு முன்னால் கோரையை அறுக்க வேண்டும், கீற வேண்டும், ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும், காயவைக்க வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, நெய்துகொண்டிருந்த அக்கா வாசலைக் கைகாட்டினார்.

"வெயில் எங்க தம்பி அடிச்சுது?"

விஷயம் அதுதான். தையில் கல்யாணம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் நெய்தாக வேண்டும். நம் ஊரில் மழை கொட்டுவதும் அந்த மாதங்களில்தான். காயாத கோரையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஆனால் நண்பரின் இணையக் கடையில் வருஷம் முழுக்க 'பதினைந்து நாளில் டெலிவரி' என்றே இருந்தது. அந்த வாக்குறுதியைக் கொடுத்தவர் அவர், நஷ்டம் மட்டும் நெய்தவர் தலையில். சாதாரணப் பாய் என்றால் வேறு யாருக்காவது விற்றுவிடலாம். அடுத்தவர் பேர் போட்ட பாயை யார் வாங்குவார்கள்?

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவர் விற்பது 2,400 ரூபாய்க்கு. நெய்பவருக்கு 900. அதில் கோரை, நூல், சாயம் என 250 அவர் கைக்காசு. மீதி 650. ஒரு ஆள் கணக்கில் நான்கு நாள் வேலை, ஆக நாளுக்கு 162 ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலியே 336. கைவினைத் தொழிலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று மேடைக்கு மேடை வருத்தப்படுகிறார்கள். இந்தக் கூலிக்கு நீங்களும் நானும் உட்காருவோமா?

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விற்கும் விலையில் தொடங்கிக் கீழே வருகிறார்கள், கடைசியில் மிஞ்சுவதுதான் கூலி. நான் திருப்பிப் போடச் சொல்வேன். முதலில் நாள்கூலி, பிறகு பொருள், பேக்கிங், கூரியர், திரும்பி வரும் சரக்குக்கு ஒரு ஒதுக்கீடு, அப்புறம் உங்கள் லாபம். அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லையென்றால் அந்தப் பொருளை எடுக்காதீர்கள். இந்த நண்பருக்கு விலை 3,900இல் வந்து நின்றது. ஆர்டர் குறைந்தது, உண்மைதான்.

நெய்பவருக்கு ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணம் கொடுத்துவிடுங்கள், பேர் போட்ட பாய்க்கு முழுப்பணமும். நெய்பவர்களை, சிறுதொழில்களைப் பதியும் ஒன்றிய அரசின் உத்யம் இணையதளத்தில் பதியச் சொல்லுங்கள். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பதிந்த குறுந்தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் வருஷக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருஷத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். இதைச் சொன்னதும் பல முதலாளிகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கூலிக் கணக்குக்கு அசையாதவர்கள்கூட வரிக் கணக்குக்கு அசைகிறார்கள்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு, அதாவது அந்தப் பேர் அந்த ஊர்ப் பாய்க்கே உரியது என்ற சட்டப் பாதுகாப்பு. வேறெங்கோ மிஷினில் நெய்த பாயை அந்தப் பேரில் விற்காதீர்கள்.

கிளம்பும்போது, திரும்பி வந்த பாயை அக்காவிடம் விரித்துக் காட்டினார் நண்பர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "தேதிய எதுக்குப் போடுதீங்க? பேரு மட்டும் இருந்தா கல்யாணம் முடிஞ்ச பொறவும் வச்சிக்கிடுவாங்கள்ல?"

கடை தொடங்கி அத்தனை மாதத்தில் அந்த அக்காவிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. இப்போது இணையக் கடையில் தேதி கேட்கும் கட்டம் இல்லை. தை முகூர்த்தத்துக்கான ஆர்டர் புரட்டாசியோடு மூடிவிடுகிறது.