பொசசிவ்னா பாசம்னு யாருங்க சொன்னது?

போன வாரம் என்கிட்ட கவுன்சிலிங்குக்கு ஒரு பொண்ணு வந்திருந்தா, காலேஜ் மூணாவது வருஷம். ஊரு, படிப்பு எல்லாம் மாத்தித்தான் எழுதுறேன், எழுதிக்கட்டுமான்னு கேட்டு அவ சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எழுதுறேன். வந்து உக்காந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல, போன் அடிச்சுது, அவ காதலன்கிட்டேந்து வீடியோ கால். கட் பண்ணா, மறுபடி வந்துச்சு. "ஒரு நிமிஷம் மேம்"னு எந்திரிச்சு, என் டேபிள் மேல இருக்குற பேர் பலகையும் பின்னாடி சுவத்துக் கடிகாரமும் ஒரே போட்டோல வர்ற மாதிரி ரெண்டு அடி தள்ளி நின்னு எடுத்து அனுப்புனா. கடிகாரம் தெரியலன்னா பழைய போட்டோன்னு சொல்லிடுவானாம். எந்த ஆங்கிள்ல நின்னா ரெண்டும் தெரியும்னு யோசிக்கக்கூட இல்ல அவ, அவ்ளோ பழகிப் போயிருக்கு கை. திரும்ப வந்து உக்காந்து சொன்ன முதல் வார்த்தை, "அவன் ரொம்ப நல்லவன் மேம், கொஞ்சம் பொசசிவ், அவ்ளோதான்."

இந்த மாசத்துல இதே வாக்கியத்த நாலாவது ஆள் வாயால கேக்குறேன். அதான் இன்னைக்கு எழுத உக்காந்துட்டேன்.

பொசசிவ்ங்கிற வார்த்தைய நம்ம ஊர்ல ஒரு பாராட்டாவே மாத்தி வச்சிருக்கோம். "என் ஆளு என் மேல எவ்ளோ பொசசிவ் தெரியுமா"ன்னு பெருமையா ஸ்டேட்டஸ் போடுறாங்க. அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம் என்ன? உடைமை. நிலத்துக்குப் பட்டா வாங்குறோம், வண்டிக்கு ஆர்சி புக் வாங்குறோம், அந்த மாதிரி இது என்னுதுன்னு சொல்றது. மனுஷங்களுக்கு ஏதுங்க பட்டா?

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், ஏன்னா இங்கதான் எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க. பொறாமைங்கிற உணர்வு வர்றது தப்பே இல்ல. நம்ம ஆளு வேற ஒருத்தர்கிட்ட சிரிச்சுப் பேசுனா உள்ள சுருக்குன்னு இருக்கும், எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். "நீ அவங்ககூடப் பேசிட்டே என்ன மறந்துட்ட, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு"ன்னு சொன்னா அது உறவு. "அவன பிளாக் பண்ணு, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு, இனிமே அந்த டிரெஸ் போடாத, உங்க அக்கா வீட்டுக்கு எதுக்குப் போற"ன்னு சொன்னா அது கண்ட்ரோல். முதல்ல சொன்னவர் தன் மனசப் பத்திப் பேசுறாரு, ரெண்டாவது ஆளு உங்க வாழ்க்கைக்கு ரூல்ஸ் போடுறாரு. ரெண்டையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க.

"பாசம் இல்லன்னா எதுக்கு மேம் அவ்ளோ கோவப்படப் போறான்?"னு கேப்பாங்க. பயத்துனால கோவப்படுவான். 1987ல ஹசான், ஷேவர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல டென்வர் நகரத்துப் பத்திரிகை ஒண்ணுல காதல் பத்திக் கேள்விகள அச்சடிச்சு விட்டாங்க, 620 பதில்கள வச்சு ஆராய்ஞ்சாங்க. அதுல ஏறக்குறைய 56 சதவீதம் பேர் உறவுல பத்திரமா உணர்றவங்க, 25 சதவீதம் பேர் நெருக்கத்தத் தவிர்க்கிறவங்க, மீதி 19 சதவீதம் பேர் எப்போ விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பதட்டத்துலயே இருக்கிறவங்க. காதல்னா ஓயாத நெனப்பு, ஏத்த இறக்கம், கடுமையான பொறாமைன்னு அதிகமா சொன்னது இந்த 19 சதவீதம்தான். நிம்மதியா காதலிக்கிறவங்க நம்பிக்கை, நட்புன்னு பேசுனாங்க. ஆக, பொறாமையோட அளவ வச்சு அவருக்கு எவ்ளோ பயம்னு சொல்லலாம், எவ்ளோ அன்புன்னு சொல்ல முடியாது.

அந்தப் பயத்த நீங்க போட்டோ அனுப்பி தீத்து வைக்க முடியாது, இது எத்தன தடவ சொன்னாலும் யாருக்கும் புரிய மாட்டேங்குது. "ஒரு தடவ பாஸ்வேர்டு குடுத்துட்டா நம்பிடுவான்"னு குடுக்குறாங்க. நம்ப மாட்டான், தேடுவான். தேடுனா ஏதாவது ஒண்ணு கிடைக்கும், 2 வருஷத்துக்கு முன்னாடி ஸ்கூல் ஃப்ரெண்டு போட்ட ஒரு ஹார்ட் எமோஜியாவது கிடைக்கும். அதுலேந்து இன்னும் சந்தேகம், இன்னும் தேடல். கனடாவுல குவெல்ஃப் பல்கலைக்கழகத்துல 308 மாணவர்கள வச்சு 2009ல வந்த ஆய்வு ஒண்ணு, ஃபேஸ்புக்ல அதிக நேரம் இருந்தவங்களுக்கு அது சம்பந்தமான பொறாமையும் அதிகமா இருந்துச்சுன்னு சொல்லுது. பாக்கப் பாக்கப் பொறாமை ஏறும், ஏறுனா மறுபடி பாக்கத் தோணும்ங்கிற சுழல் இதுல இருக்கலாம்னுதான் அந்த ஆய்வாளர்களும் நினைச்சாங்க. என் ரூம்ல நான் தினம் பாக்குறது அப்படியே இதுதான்.

அந்தப் பொண்ணு இன்னொண்ணு கேட்டா. "அவன் பேர் போன்ல வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது மேம், 3 வருஷம் ஆகியும் அப்படியே இருக்கு, அதான மேம் லவ்வு?" பாவமா இருந்துச்சு எனக்கு. 1974ல டட்டன், ஆரன்னு ரெண்டு பேர் கனடாவுல வான்கூவர் பக்கத்துல கப்பிலானோ தொங்கு பாலத்துல ஒரு பரிசோதனை பண்ணாங்க. 230 அடிக்குக் கீழ ஆறு, பாலம் ஆடிட்டே இருக்கும். அதுல நடந்து வந்த ஆண்கள ஒரு பொண்ணு நிறுத்திக் கேள்வி கேட்டுட்டு, மேல விவரம் வேணும்னா கூப்பிடுங்கன்னு தன் போன் நம்பரக் குடுத்தா. வாங்கிக்கிட்ட 18 பேர்ல 9 பேர் அப்புறமா கூப்பிட்டாங்க. ஆடாத தாழ்வான பாலத்துல நம்பர் வாங்குன 16 பேர்ல கூப்பிட்டது 2 பேர்தான். பயத்துல அடிச்ச நெஞ்ச அந்தப் பொண்ணு மேல வந்த ஈர்ப்புன்னு மனசு எடுத்துக்குதுன்னு அவங்க விளக்கம் சொன்னாங்க. நான் அவகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "அந்தப் படபடப்பு வரும்போது கை எங்கம்மா போகுது?" யோசிச்சுட்டு சொன்னா, "போன சைலண்ட்ல போடப் போகுது மேம், பக்கத்துல யாராச்சும் பேசுற சத்தம் கேட்டா அவன் திட்டுவான்."

இது பொண்ணுங்க பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. ஐடில வேல பாக்குற ஒரு தம்பி, லைவ் லொகேஷன் எந்நேரமும் ஆன்ல இருக்கணும்னு அவர் காதலி சொல்லி, ஞாயித்துக்கிழமை கிரிக்கெட்ட விட்டு, அப்புறம் ரூம்மேட்ட விட்டு, கடைசில அம்மாகிட்ட போன்ல பேசுறதக்கூட ஸ்பீக்கர்ல போட்டுப் பேசிட்டு இருந்தாரு. ஆம்பள போய் இதச் சொன்னா சிரிப்பாங்கன்னு ரெண்டு வருஷம் யாருகிட்டயும் சொல்லல. தயவுசெஞ்சு சிரிக்காதீங்க.

"படிச்ச புள்ளதான, விட்டுட்டு வர வேண்டியதுதான"ன்னு கேக்குறவங்க மேல எனக்கு உண்மையிலயே கோவம் வருது. காரில் ரஸ்பல்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1980லயே இதுக்குப் பதில் சொல்லிட்டாங்க. ஒருத்தர் உறவுல நீடிக்கிறது சந்தோஷத்த மட்டும் வச்சு இல்ல. இதுவரைக்கும் அந்த உறவுல நேரம், மனசுன்னு என்னென்ன போட்டிருக்கோம், வெளிய வந்தா நமக்கு என்ன வழி இருக்கு, இது ரெண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. 1995ல துணைகிட்ட அடிவாங்கி காப்பகத்துக்கு வந்த பெண்கள்கிட்டயும் இதே கணக்கத்தான் பாத்தாங்க. வெளிய வழி இல்லாதவங்கதான் அதிகம் திரும்பிப் போனாங்க. ஃப்ரெண்ட்ஸ் ஒவ்வொருத்தரா வெட்டப்பட்டு, வீட்டுல சொன்னா காலேஜ நிறுத்திக் கல்யாணம் பண்ணி வச்சிடுவாங்கன்னு இருக்குற பொண்ணுக்கு என்ன வழி இருக்கு சொல்லுங்க?

சரி, என்ன பண்ணணும்னு கேக்குறவங்களுக்கு.

பாஸ்வேர்டு, ஓடிபி, போன் லாக் யாருக்கும் குடுக்காதீங்க, கேக்குறதே உங்களுக்கு ஒரு தகவல். ஏற்கனவே குடுத்திருந்தா வாட்ஸ்அப்ல லிங்க்ட் டிவைசஸ்ல போய் உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கான்னு பாருங்க. ஆனா ஆளு கை நீட்டுறவர்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, முதல்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு, எங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் மாத்துங்க. விட்டு விலகுற நேரம்தான் அதிக ஆபத்தான நேரம். "கடைசியா ஒரே ஒரு தடவ மீட் பண்ணலாம்"னு கூப்பிட்டா தனியா போகாதீங்க. போகவே போகாதீங்க.

போட்டோவ வெளிய விடுவேன்னு மிரட்டுனா பணம் குடுக்காதீங்க, பயந்து சாட்ட அழிக்காதீங்க, அதுதான் ஆதாரம். தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான புகாருக்குத் தனிப் பகுதியே இருக்கு, பேர் சொல்லாமலும் குடுக்கலாம். ஒரு ஆண் வேண்டாம்னு சொன்ன பொண்ணத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்றதும், அவளோட இன்டர்நெட், மெசேஜ வேவு பாக்குறதும் குற்றம், 2024 ஜூலைலேந்து நடைமுறைல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவு. புருஷனா இருந்தா 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல மனசளவுல வதைக்கிறதும் வன்முறைதான். பெண்கள் 181க்குக் கூப்பிடுங்க, உடனடி ஆபத்துன்னா 112. பேசி அழணும்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

இதப் படிக்கிற நீங்களே ராத்திரி 2 மணிக்கு அவங்களோட லாஸ்ட் சீன் பாத்துட்டு இருக்குற ஆளா இருந்தா, உங்களத் திட்ட எனக்கு மனசு வரல. அந்தப் பயம் எவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா அத ஆத்த வேண்டியது அவங்க இல்ல. எங்கள மாதிரி ஒருத்தர்கிட்ட வாங்க, இது மாறக்கூடிய விஷயம், மாறுனவங்கள நான் பாத்திருக்கேன்.

அப்பா அம்மாக்களே, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். புள்ள வந்து இதச் சொன்னா அன்னைக்கு ராத்திரி மட்டுமாவது "எப்பலேந்து பழக்கம், என்ன ஜாதி, யாருக்கெல்லாம் தெரியும்"னு ஆரம்பிக்காதீங்க. போனப் பிடுங்காதீங்க, காலேஜ நிறுத்தாதீங்க. அவன் 3 வருஷமா அவகிட்ட சொல்லிட்டு இருக்குறது, "உங்க வீட்டுல உன்ன நம்ப மாட்டாங்க, நான் மட்டும்தான் இருக்கேன்"ங்கிறதுதான்.