இம்ப்ரெஷனிசம்: எது பதிந்தது, எதில் பதிந்தது?

இம்ப்ரெஷனிசம் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவிய இயக்கத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? பத்திரப் பதிவின்போது பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் வைத்து அழுத்துகிறார்களே, அந்த அழுத்தம்தான் 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லின் அடி. லத்தீனில் 'பிரெமெரே' என்றால் அழுத்துதல். மெழுகில் முத்திரை வைப்பது, தாளில் அச்சிடுவது, மனதில் ஒன்று தங்கிவிடுவது என்று அதன் பொருள் விரிந்துகொண்டே போனது. நம்முடைய 'பதி'யும் அதே வழியில்தான் நடந்திருக்கிறது. ஈர மண்ணில் கால் பதிகிறது, புத்தகம் பதிப்பாகிறது, சின்ன வயதில் பார்த்த முகம் மனதில் பதிந்துவிடுகிறது. ஆகவே இம்ப்ரெஷன் என்றால் பதிவு என்பதில் தகராறு இல்லை. அதற்கு முன்னும் பின்னும் எதை ஒட்டுவது என்பதில்தான் தகராறு. உணர்வுப்பதிவுவாதம், மனப்பதிவியம் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. எது சரி என்று சொல்ல, அந்த ஓவியர்கள் என்னதான் செய்தார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

1874 ஏப்ரல் 15. பாரிஸில் புகைப்படக்காரர் நாதார் காலி செய்திருந்த ஸ்டூடியோவில் ஒரு கண்காட்சி திறந்தது. மொனே, ரெனுவார், பிசாரோ, தெகா, செசான், பெர்த் மொரிசோ என்று சுமார் முப்பது பேர். 'சலோன்' என்ற பெரிய கண்காட்சியின் நடுவர்கள் எப்போது கண் திறப்பார்கள் என்று காத்திருந்து அலுத்தவர்கள் இவர்களில் பலர். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயரில் இம்ப்ரெஷன் என்ற பேச்சே கிடையாது. ஓவியர்கள், சிற்பிகள், செதுக்கோவியர்கள் முதலியோரின் கூட்டுப்பங்கு நிறுவனம் என்று, ஏதோ சீட்டுக் கம்பெனி போல, பதிவுசெய்து வைத்திருந்தார்கள்.

மொனே வைத்த படங்களில் ஒன்று, லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியற்காலை. அட்டவணைக்குத் தலைப்புக் கேட்டபோது, ஊர்க்காட்சி என்று சொல்ல அதில் ஊரே சரியாகத் தெரியவில்லையே என்று, 'இம்ப்ரெஷன்' என்றே போடச் சொன்னதாக மொனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' என்று அச்சானது. பத்து நாள் கழித்து, 'லெ ஷாரிவாரி' என்ற நையாண்டிப் பத்திரிகையில் லூயி லெருவா இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி' என்பது அவர் கட்டுரையின் தலைப்பு. சுவரில் ஒட்டும் காகிதம்கூட, அரைகுறையாக இருக்கும் நிலையிலேயே, இந்தக் கடற்காட்சியைவிட முழுமையாக இருக்கும் என்று அதில் கிண்டலடித்திருந்தார். திட்டப் பிறந்த பெயர் நிலைத்துவிட்டது. 1877இல், மூன்றாவது கண்காட்சியில், அவர்களே அதை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். தெகாவுக்கு மட்டும் கடைசிவரை அது பிடிக்கவில்லை.

அந்தப் படத்தையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒன்றரையடி உயரம், இரண்டடி அகலம், அவ்வளவுதான். சாம்பல் கலந்த நீலப் பனிமூட்டம், நாலைந்து தீற்றலில் ஒரு படகு, ஒரு ஆரஞ்சு வட்டம், தண்ணீரில் அதன் உடைந்த சாயல். இந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும்! சுற்றியிருக்கும் வானத்தைவிட மொனே அதை வெளிச்சமாகத் தீட்டவில்லை. நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். சூரியன் துடிப்பது போலத் தோன்றுவதற்கு அதுதான் காரணம் என்கிறார்கள் பார்வை அறிவியல்காரர்கள்.

இவர்களுடைய மற்றக் குணங்களும் இதே வழிதான். நிழலுக்குக் கறுப்பைப் பூசாமல் நீலமும் ஊதாவும் வைத்தார்கள். வண்ணங்களைக் குழைத்து வழுவழுப்பாக்காமல் சின்னச் சின்னத் தீற்றல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் இட்டார்கள். தள்ளி நின்று பார்க்கிற கண் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். புராணமும் போர்க்களமும் போய் ரயில் நிலையம், கஃபே, படகுத்துறை வந்தன. வெளிச்சம் மாறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் வெயிலிலேயே நின்று வரைந்தார்கள். அதற்கு 1841இல் ஜான் ராண்ட் கண்டுபிடித்த தகரக் குழாய் கைகொடுத்தது. அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வயல்வெளியில் அலைவது லேசான காரியமா? 1890-91இல் மொனே வைக்கோற்போர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பொருள் ஒன்றுதான், காலை, மாலை, பனி, வெயில் என்று படங்கள்தான் வேறு வேறு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'உணர்வு' என்பதற்குப் பழைய தமிழில் புலனறிவு என்ற பொருள் உண்டு. வள்ளுவர் 'ஐயுணர்வு' (குறள் 354) என்பது அதைத்தான். அந்தப் பொருளில் உணர்வுப்பதிவு மிகப் பொருத்தம். ஆனால் இன்று உணர்வு என்றதும் நாம் நினைப்பது கோபத்தையும் துக்கத்தையும். அது எக்ஸ்பிரஷனிசத்தின், அதாவது வெளிப்பாட்டியத்தின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏற்கெனவே ஏராளம். நாமும் சேர்ந்து குழப்ப வேண்டாம். 'வாதம்' என்ற ஒட்டும் எனக்கு உவப்பில்லை. இவர்கள் கொள்கை அறிக்கை எதுவும் எழுதி வாதாடவில்லை. பெண்ணியம், மார்க்சியம் என்று 'இயம்' நமக்குப் பழகிவிட்டது, அதுவே போதும்.

மனப்பதிவியத்திலும் ஒரு குறை இருக்கிறது. வெளிச்சம் முதலில் விழுவது கண்ணில், மனம் அப்புறம்தான். ஆனால் 'கண்பதிவு' என்றால் ஆதார் மையம் நினைவுக்கு வரும். தவிர, 1874இலேயே விமர்சகர் காஸ்தன்யாரி, இவர்கள் தீட்டுவது நிலக்காட்சியை அல்ல, அது எழுப்பும் புலனுணர்வை என்று எழுதிவிட்டார். பதிவது வெளியில் இல்லை, பார்க்கிற ஆளுக்குள் என்பது அதில் தெளிவு. 'மனப்பதிவு' அதைச் சொல்லிவிடுகிறது. இலக்கிய விமர்சனத்திலும் அந்தச் சொல் ஏற்கெனவே உண்டு.

அதனால் நான் எழுதும்போது மனப்பதிவியம், மனப்பதிவிய ஓவியர் என்றே எழுதுகிறேன். இவர்களுக்கு அடுத்து வந்த ஓவியர்களான வான்கோவும் கோகனும் வரும்போது பின்மனப்பதிவியம். லெருவாவின் கிண்டலைச் சொல்லும் இடத்தில் மட்டும் இம்ப்ரெஷன் என்றே விட்டுவிடுவேன். மொழிபெயர்த்தால் அந்தக் குத்தல் போய்விடுகிறது.